துரை பார்த்த புகை

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பர்மாவில் சண்டை போட்டவர். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. எங்களிடம் அவர் பேசிய தமிழ் "போ", "வா", "சுருக்கா" என்பதோடு முடிந்துவிடும். சொன்னது அப்பு. பங்களாவில் சமையல் பார்க்கிறவரை எங்கள் பக்கம் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். இவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு இறங்கி வந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, துரைமார் சாப்பாட்டு மேசையில் பேசியதையெல்லாம் எங்களுக்குப் பரிமாறுவார். அவருக்கு இங்கிலீஷ் காதில் நன்றாக ஏறும், வாயில் வராது.

"சண்டையில தோக்குறவன் வயிறு காஞ்சு தோக்குறது இல்லையாம். மனசு விட்டுப் போயித்தான் தோப்பானாம்" என்று ஒரு தடவை சொன்னார். "அங்க இருக்கையில நம்ம தொரை என்னா செய்வாராம் தெரியுமா? தூரக்கண்ணாடிய வச்சிக்கிட்டு எதிராளி இருக்குற மலையப் பாப்பாராம். காலையில எழுந்திரிச்சு மூஞ்சி கழுவுறானா, அடுப்பு பத்த வைக்கிறானா, இல்ல சுருண்டு படுத்துக் கெடக்குறானா. மூஞ்சி கழுவுறத விட்டுட்டான்னா அந்த மலை நம்ம கையிலன்னு அர்த்தமாம்."

நாங்கள் சிரித்தோம். "அப்ப நம்மளப் பாத்தா தொரை பயந்துக்கணும். நாம கோழி கூவுறதுக்கு முந்தியே கழுவிருறோமே" என்றேன் நான். அந்தத் தூரக்கண்ணாடி ஒரு நாள் எங்கள் லயத்தின் பக்கமே திரும்பும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்து அந்தத் தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற ரோட்டில், வளைவு வளைவாக ஏறி பஸ் மூச்சு வாங்கும் இடத்தில் எங்கள் கேட் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தேன். கொழுந்து பறிப்பதில் என் நிரையை, அதாவது எனக்குப் பிரித்துக் கொடுத்த செடி வரிசையை, நான் முடிப்பதற்கு முன்னால் வேறு யாரும் முடித்துவிட முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் அதை நாக்கில் வைத்து ருசி பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அதனால்தானோ என்னவோ, தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவராக அவரைப் போட்டார்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். கொடி மாறியது, துரை மாறவில்லை. எங்களுக்கு வோட்டு இல்லை, ஊர் எது என்று கேட்டால் காட்டக் காகிதமும் இல்லை. எங்களுக்கென்று இருந்தது வரிசையாகக் கட்டிய லயமும், அதில் குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த காம்பராவும்தான். பத்தடி அறை, முன்னால் ஒரு சின்ன வாசல். அதைத்தான் எங்களிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் மார்கழி மழை விடவே இல்லை. மேல் மலையில் நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நிரைக்குக் குறுக்கே மண் வாய் பிளந்திருந்தது. கை நுழையும் அளவு பிளவு. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், பிளவுக்குள் கம்பை விட்டுப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லாரையும் கூடையோடு கீழே இறங்கச் சொன்னார். மலையில் எங்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளை தடுத்தும் கேட்கவில்லை. அன்றைக்கு மலை சரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. "மலை நிக்குதே. நீ யாரு ஆளுங்களை எறக்குறதுக்கு?" என்று துரை கேட்டதாகக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். மறுநாள் என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. காம்பராவையும் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவு.

மலையை விட்டு இறங்கிய பெண்கள் ஒருத்தி விடாமல் கூடையைக் கவிழ்த்து வைத்தார்கள். ஆண்கள் பின்னாலேயே வந்தார்கள். தலைவரை மறுபடி வேலைக்கு எடுக்கும் வரைக்கும் யாரும் மலை ஏறுவதில்லை என்று முடிவாகியது. காம்பராவுக்குள் இருக்கிற ஆளைக் கோர்ட்டுக்குப் போகாமல் தூக்கி வெளியே போட முடியாது என்று சங்கத்தில் சொன்னார்கள். ஆனால் தானாகக் கேட்டைத் தாண்டி வெளியே போனால், திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அதனால் இவர் தோட்டத்தை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை. நாங்கள் அந்தப் பத்தடி அறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

துரை கத்தவில்லை. போலீஸைக் கூப்பிட்டு அடிக்கவில்லை. அரிசியை நிறுத்தினார். அதை எதிர்பார்த்தோம். பலாக்காய் இருந்தது, மரவள்ளி இருந்தது, ஓடை ஓரத்தில் கீரை இருந்தது. மலைக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்து ஆட்கள் தங்கள் தோட்டத்துப் பலாவை வெட்டி வேலி ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். வயிற்றைச் சமாளித்தோம்.

அடுத்ததாக அவர் நிறுத்தியது தப்பை. அதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தோட்டத்தில் விடிவது சூரியனால் இல்லை, தப்பால். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு ஆள் சேரத் தப்படிக்கிறவர் லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி அடித்துக்கொண்டு போவார். அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்திருப்போம், வாசல் கூட்டுவோம், பாலில்லாத சாயத்தண்ணி வைப்போம். என் அம்மாவும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தாள். வேலை நிறுத்தத்தில்கூட அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. நாங்களும் எழுந்து, குளித்து, போகாமல் இருந்தோம். போகாமல் இருப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

தப்பு நின்ற மறுநாள் காலை எனக்கு எப்போது எழுவது என்றே தெரியவில்லை. மூடுபனிக்குள் லயம் அப்படியே படுத்துக் கிடந்தது. நான்கைந்து நாளில் பாதிக் காம்பராக்களில் வாசல் கூட்டவில்லை. ஆண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தார்கள். எங்கிருந்தோ கள்ளச் சாராயம் வந்தது. மலைத்தண்ணி விழுகிற பீலியில் குடம் வைப்பதற்குக்கூடச் சண்டை. அரிசி நின்றபோது ஒட்டிக்கொண்ட ஜனம், ஒரு சத்தம் நின்றதும் இப்படி உதிர்ந்துபோகும் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்த ஞாயிறு அப்பு வந்தார். வழக்கம்போல் காலை நீட்டவில்லை. நின்றபடியே சொன்னார்.

"காலையில தேத்தண்ணி கையோட வராந்தாவுக்கு வந்துருறாரு. தூரக்கண்ணாடிய வச்சிக்கிட்டு நம்ம லயத்தத்தான் பாக்குறாரு. எத்தன அடுப்புல பொகை வருது, எத்தன வாச கூட்டியிருக்குன்னு. நேத்து பக்கத்துத் தோட்டத்துத் தொரைகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இன்னும் ஒரு வாரந்தானாம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. எங்களைப் பட்டினி போட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் வாசல் கூட்டினேனா என்று ஓர் ஆம்பிளை மலை மேல் உட்கார்ந்து பார்க்கிறதா? அன்றைக்கே காம்பரா காம்பராவாகப் போனேன். "நாளைக்கு எல்லா அடுப்பும் எரியணும்" என்றேன். "எரிச்சு, பானையில எதப் போடுறது?" என்று கேட்டார்கள். "தண்ணிய வையுங்க. வெறுந்தண்ணி கொதிச்சாலும் பொகை வரத்தான செய்யும். அங்கயிருந்து பானைக்குள்ள தெரியுமா என்னா?"

பெண்கள் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு. மறுநாள் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் புகை வந்தது. பச்சை விறகாகப் பார்த்து வைத்தோம், நல்ல கனத்த புகை வரட்டும் என்று. வாசல் கூட்டி, தெளித்து, மாவு இல்லாததால் வெள்ளை மண்ணால் கோலம் போட்டோம். வராந்தாவில் துரை ரொம்ப நேரம் நின்றிருந்ததாக அப்பு சொல்லியனுப்பினார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் புகை துரைக்குத்தானே. எங்களுக்கு அது வெறும் கண்ணெரிச்சல். மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்துக் காம்பரா அக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பூனாகலைத் தோட்டத்தில் அவளுக்கு அண்ணன் இருந்தார். என் இரண்டு பிள்ளைப்பேறுக்கும் என் தலைமாட்டில் இருந்தவள் அவள். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கினாள்.

"கோச்சுக்காத புள்ள. புள்ளைங்க மொகத்தப் பாக்க முடியல. கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்டுல இருந்துட்டு வர்றோம்."

இந்த ஒரு கதவு சாத்தினால் அடுத்த கதவும் சாத்தும். லயம் காலியானால் எங்களுக்காக நிற்க ஆள் இல்லை. அந்த வாரக் கடைசியில் நாங்கள் நாலு பேரும் ரோட்டில்தான். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்படி வராமல் போனது எனக்கே புதிது. விறுவிறுவென்று மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன்.

கோயில் என்றால் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். பூசாரி வேலைக்காலத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற மனுஷன். அவரிடம் போய், "இப்பவே காப்புக் கட்டுங்க" என்றேன்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அது முடிகிற வரைக்கும் அங்கே இருக்கிற யாரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக்கூடாது. எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். குடிக்கக்கூடாது, சண்டை போடக்கூடாது. அது அம்மனுக்குச் செய்கிற சத்தியம்.

"மாசம் இல்ல, நாள் பாக்கல, கூழு ஊத்தக் கைப்பிடி மாவு இல்ல" என்று பூசாரி அடுக்கினார். "வெளையாட்டுன்னு நெனைச்சியா?"

"வெளையாட்டு இல்லங்க சின்னய்யா. லயமே கலைஞ்சு போகுது. பெறகு யாருக்குத் திருவிழா எடுப்பீங்க?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை எடுத்து நூலில் கட்டினார். "எத்தன நாளைக்குன்னு சொல்லு. சொல்லாமக் கட்டக்கூடாது."

எட்டு நாள் என்று சொல்லியிருக்க வேண்டும். யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். என் வாயில் வந்தது வேறு: "கேட்டது கெடைக்கிற வரைக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பூசாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அம்மனுக்கு முன்னால் வந்துவிட்ட வார்த்தை. அம்மன் கைக்குக் கட்டி, தன் கைக்குக் கட்டி, மூன்றாவதாக என் கையில் கட்டினார்.

நான் லயத்துக்கு வந்து, "காப்புக் கட்டியாச்சு" என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் காம்பரா அக்கா மூட்டையைத் தலையில் ஏற்றியிருந்தாள். அப்படியே நின்றாள். "அடிப் பாவி, நான் படி எறங்குற நேரம் பாத்தா கட்டுவ?" என்று என்னைத் திட்டாத திட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே மூட்டையை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, சட்டிபானையைப் பழைய இடத்தில் வைத்தாள். அவள் திட்டியது அவ்வளவும் எனக்குத் தேனாக இருந்தது.

அப்புறம் தப்படிக்கிறவர் வந்தார். தப்பு நின்ற நாளிலிருந்து அவர் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. "பெரட்டுக்கு அடிக்கக் கூடாதுன்னுதான் தொரை சொன்னாரு. அம்மனுக்கு அடிக்கக் கூடாதுன்னு சொல்லலியே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கூட்டித் தீ மூட்டினார், தோலை அதில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்த்தார். சுருதி ஏறியதும் எழுந்து அடிக்கத் தொடங்கினார்.

மறுநாள் விடியற்காலை அது லயத்தைச் சுற்றி வந்தது. பெரட்டுக்கு எப்படி வருமோ அதே வழி. கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. பெண்கள் பீலியில் தலைக்குக் குளித்தார்கள், ஆண்கள் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார்கள். பெரட்டுக்கு நிற்பதுபோலவே கோயிலுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றோம். யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகப் போய் நின்றன. பூசாரி ஒவ்வொரு கையாகக் காப்புக் கட்டிக்கொண்டு போனார். கங்காணி வீட்டம்மா வந்து கை நீட்டினாள். கேட்டுக் காவல்காரர்கள் வந்து கை நீட்டினார்கள், அவர்களும் லயத்தில் இருக்கிறவர்கள்தானே. பங்களாவிலிருந்து ஓடிவந்து அப்புவும் கட்டிக்கொண்டார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுததை ஏன் மறைக்க வேண்டும்.

அதன் பிறகு சாராயம் இல்லை. பீலியில் குடத்துக்கு அடிதடி இல்லை. கிராமத்துக்காரர்கள் அம்மனுக்கென்று குரக்கன் மாவு, அதாவது கேழ்வரகு மாவு கொண்டுவந்து தந்தார்கள். கோயிலில் ஒரே பானையில் கூழ் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினோம். காம்பராக்களில் மட்டும் பழையபடி வெறுந்தண்ணீர் கொதித்தது. அதை நாங்கள் விடவில்லை. துரைக்குக் கணக்குக் குழம்பிப்போனதாம். "இவர்களுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்? இதென்ன திருவிழா, எப்போது முடியும்?" என்று அப்புவைக் கேட்டிருக்கிறார். அப்பு சொன்ன பதில்: "நோ டேட், சார்." அவர் வாயிலிருந்து வந்த முதல் இங்கிலீஷ் அது என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் துரையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. காப்பு என்றால் என்ன என்று யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். கொஞ்ச நாளில் பதுளை லேபர் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு நாள் வந்தது. அதில் சூது ஒன்றும் இல்லை, அது எங்கள் சங்கம் கேட்டிருந்ததுதான். அதே சமயம் கேட்டில் துரை புதிய உத்தரவு போட்டார். தலைவர் வெளியே போகலாம், திரும்ப உள்ளே விடக்கூடாது. காவலுக்கு ஒரு போலீஸ்காரரும் வந்து நின்றார்.

எவ்வளவு சுத்தமாக வலை விரித்திருக்கிறார் என்று பாருங்கள். இவர் விசாரணைக்குப் போகாவிட்டால் வழக்கு போச்சு. போனால் திரும்ப விட மாட்டார்கள், இரவு வெளியே தங்க வேண்டும், காப்பு போச்சு. யாருக்காகக் கட்டினோமோ அவரே முறித்துவிட்டார் என்றால் லயத்தில் ஒரு ஆள் மனசு நிற்காது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாள் சொல்லிக் கட்டியிருக்கலாம் புள்ள" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. நாள் சொல்லியிருந்தால் அதற்குள் காப்பு அவிழ்ந்திருக்கும், மூட்டையும் கட்டியிருப்பார்கள் என்று பதிலுக்குக் கத்தினேன். கத்தி என்ன செய்ய, வழி எனக்கும் தெரியவில்லை.

கோயில் வாசலில் எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் முணுமுணுப்புப் பூசாரி தொண்டையைச் செருமினார்.

"மனுசனத்தான தடுப்பாங்க? கரகத்தத் தடுப்பாங்களா?"

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"அம்மன் பதுளைக்குப் போவா. கரகத்த இவன் தூக்கட்டும். அம்மனோட சேந்து நாம எல்லாரும் போவோம். அவ எங்க இருக்காளோ அதுதான எல்லை? பொழுது சாயுறதுக்குள்ள அவளக் கொண்டாந்து கோயில்ல எறக்கணும். எறக்குற வரைக்கும் கரகம் தரையில படக்கூடாது. எவன் கேட்ட மூடுறான்னு பாப்போம்."

கரகம் தூக்குவது அவர் பரம்பரை உரிமை. அதை இன்னொருவர் தலைக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த மனுஷனை அதுவரை நான் சரியாக மதித்ததில்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

விசாரணை நாள் காலை இவர் தலைக்குக் குளித்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டார். வேப்பிலை செருகிய கரகத்தைப் பூசாரி தன் கையால் தூக்கி அவர் தலையில் வைத்தார். தப்பு முன்னால் போனது, கரகம் பின்னால், அதற்குப் பின்னால் நாங்கள். கைக்குழந்தையிலிருந்து கம்பு ஊன்றுகிறவர்கள் வரை ஒருவர் மிச்சமில்லை. எல்லாரும் இருந்ததிலேயே நல்ல துணியை உடுத்தியிருந்தோம். கிழிசலைத் தைத்து, தலையை வழித்து வாரி, என் பிள்ளைகளின் முகத்தை நான் இரண்டு தடவை கழுவினேன்.

கேட் பூட்டியிருந்தது. காவல்காரர்கள் கரகத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தார்கள். அவர்கள் கையிலும் மஞ்சள்தானே கட்டியிருந்தது. போலீஸ்காரர் சிங்களவர், எங்கள் பேச்சு தெரியாதவர். சாமி போகிறது என்பதற்குப் பாஷை வேண்டுமா? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பதுளை வரை நடந்தோம். வளைவில் பஸ்கள் நின்று வழிவிட்டன. வழியில் இருந்த மற்றத் தோட்டத்துக்காரர்கள் மலையில் கொழுந்தை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள், சிலர் தண்ணீர் கொண்டுவந்து இவர் காலில் ஊற்றினார்கள். எனக்குப் பசியே தெரியவில்லை. எங்களை அடைத்து வைத்திருந்த ஆள் இப்போது எங்கள் பின்னால் ஜீப்பில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார், முந்திப் போக வழி இல்லாமல்.

லேபர் ஆபீஸில் விசாரித்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இவர் தலையில் இருந்த கரகத்தைப் பார்த்தார்.

"உதை இறக்கி வைச்சிட்டுக் கதையுமன்."

"எறக்கக் கூடாதுங்கய்யா. கோயில்லதான் எறக்கணும்."

"இறக்கேலாதோ?" ஐயா துரையைப் பார்த்தார், ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார். "சரி, அப்ப நிண்டபடியே சொல்லும்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை நாற்காலியில் இருந்தார். என் வீட்டுக்காரர் தலையில் கரகத்தோடு, கழுத்தை அசைக்க முடியாமல், நேராக நின்றார். அவ்வளவு நிமிர்ந்து ஒரு தோட்டத்து ஆள் துரைக்கு முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. கரகம் அவரைக் குனிய விடவில்லை.

உத்தரவு இல்லாமல் ஏன் ஆட்களை இறக்கினாய், மலை சரியவில்லையே என்று கேட்டார்கள். இவர் வழக்கம்போல் அந்தப் பதிலை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மலை நின்னுச்சுங்கய்யா. நிக்கும்னு அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க. தொரைக்கும் தெரியாதுங்க. ஆனா மேல இருந்தது எங்க பொம்பளைங்க."

ஐயா அதை இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். அந்தப் பிளவைப் போய்ப் பார்த்தீர்களா என்றும் கேட்டிருப்பார் போல. துரை இல்லை என்று தலையாட்டினார். பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு எழுந்து ஜன்னலுக்கு வந்தார். தூரக்கண்ணாடி இல்லாமல், நாலடி தூரத்திலிருந்து எங்களைப் பார்த்தார். வெயிலில் வரிசை கலையாமல் நின்றிருந்தோம். ஒவ்வொரு முகமாக ரொம்ப நேரம் பார்த்தார். என் முகத்துக்கு வந்தபோது நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து ஐயாவிடம் ஏதோ சொன்னார். ஐயா பேனாவைத் திறந்தார். தலைவருக்கு வேலை உண்டு, காம்பராவும் உண்டு.

தப்பு எப்படி முழங்கியது என்று நான் எழுதத் தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் கரகத்தைக் கோயிலில் இறக்கினோம். இறக்கியதும் இவருக்குக் கழுத்து திரும்பவில்லை. நான்தான் நல்லெண்ணெய்க்கு அலைந்து தேய்த்துவிட்டேன். பூசாரி ஒவ்வொரு கையாகக் காப்பை அவிழ்த்தார். பக்கத்துக் காம்பரா அக்கா தன் கையை நீட்டியபோது, "இனிமே பூனாகலைக்குப் போகலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவள் போகவில்லை.

அன்று விருந்து மேசையில் பக்கத்துத் தோட்டத்துத் துரை, "எப்படித் தோற்றீர்?" என்று கேட்டாராம். எங்கள் துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர்கள் முகம் கழுவியிருந்தார்கள்" என்றாராம். அப்பு வந்து இதைச் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பர்மாவில் சண்டை போட்ட மனுஷன் வாயால் வந்த வார்த்தை.

மறுநாள் விடியற்காலை பெரட்டுத் தப்பு அடித்தது, துரை உத்தரவில். நான் எழுந்து வாசல் கூட்டித் தெளித்தேன். அரிசி வந்திருந்தது. பானையில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். லயம் முழுக்க அரிசி வேகிற வாசனை. பிள்ளைகள் அடுப்பை விட்டு நகரவில்லை.

துரை பழக்கத்தில் அன்றைக்கும் தூரக்கண்ணாடியோடு வராந்தாவுக்கு வந்தாராம். எங்கள் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புகை இத்தனை நாள் மாதிரியேதான் இருக்கிறது" என்று அப்புவிடம் சொன்னாராம். எந்தப் புகையில் அரிசி வெந்தது, எந்தப் புகையில் வெறுந்தண்ணீர் கொதித்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. லயத்தில் ஒருவரும் அதைச் சொல்லவும் இல்லை.